குவாங்சோவிலிருந்து வந்த ஆறு வரிகள்

என் மச்சானுக்கு, உங்கள் ஜைனப் சலாம் சொல்லித் தொடங்குகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று எழுதப் போய்விட்டது கை. பழக்கம் இன்னும் விடவில்லை. இந்தக் கடிதத்தை ஓர் இதழில் போடப்போகிறார்கள். ஊரார் படிப்பார்கள், என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகள் படிப்பார்கள். படிக்கட்டுமே. நாம் எப்போது தனியாகப் பேசினோம்? கூடத்துத் தொலைபேசியைச் சுற்றி மாமாவும் மாமியும் உட்கார்ந்திருக்க, எல்லோர் காதிலும் விழும்படி பேசிய புருஷன் பொண்டாட்டிதானே நாம்.

ஒரு செய்தி இருக்கிறது. நம் மகள் நஸ்ரின் போன மாதம் சீனாவுக்கு, உங்கள் குவாங்சோவுக்கே போனாள். நீங்கள் போனபோது பால் பல் விழாத பிள்ளை. இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். சீனமொழி படித்திருக்கிறாள், உங்கள் நாக்கு அவளுக்கு. கம்பெனி வேலையாகப் போன இடத்தில் உங்கள் கிடங்கு மெய்லானைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். மெய்லான் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் கல்யாணம் முடித்த காலத்தில், வலங்கைமான் பக்கத்திலிருந்து போகிற ஆண்கள் சிங்கப்பூர், சவூதி என்றுதான் போனார்கள். நீங்களும் சிங்கப்பூரில் ஒரு கடையில் இருந்தீர்கள். அப்புறம் நம் நாட்டில் வெளிநாட்டுச் சாமான்களுக்கு வழி திறந்தது. குடை, பொம்மை, டார்ச் லைட் என்று கப்பலில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. "சாமான் செய்யிற ஊருக்கே போயிட்டா என்னா?" என்று நீங்கள் குவாங்சோவுக்குக் கிளம்பினீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவீர்கள். மற்ற நாளெல்லாம் வெள்ளிக்கிழமைத் தொலைபேசிதான். அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு கூப்பிடுவீர்கள். இங்கே பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருக்கும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, "சாப்டியா, புள்ள என்னா பண்ணுது" எல்லாம் முடிந்தபின், "ஜைனு, ஒரு பாட்டு சொல்லவா?" என்றீர்கள். சினிமாப் பாட்டு என்று நினைத்து மாமி பக்கம் திரும்பி வெட்கப்பட்டேன்.

"எங்க கிடங்குல கணக்கு பார்க்குதே ஒரு பொண்ணு, மெய்லான். அது சொன்னிச்சு. ரொம்பப் பழைய பாட்டு. அஞ்சஞ்சு வார்த்தையா எட்டு வரி. நான் வார்த்தை வார்த்தையா சொல்றேன், நீ தமிழாக்கு. எம்.ஏ. தமிழ் சும்மாவா படிச்சே?"

நீங்கள் சொன்ன வார்த்தைகளை எழுதிக்கொண்டேன். எல்லாம் தனித்தனியாக நின்றன, ஒட்டவே இல்லை.

"யாரு பேசுறாங்க மச்சான்? ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியல. அது அதுல இல்ல."

"எப்ப நடக்குது? நேத்தா, நாளைக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதாங்க இருக்கு?"

"நிலா இருக்கு. படகு இருக்கு. குளிர் இருக்கு."

மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மயிலாடுதுறையில் கல்லூரியில் படித்தபோது அகப்பாட்டு என்றால் உயிர். அதிலும் ஆள் பெயர் சொல்லக்கூடாது; ஆனால் பேசுவது தலைவியா, தோழியா என்று மேலே குறிப்பு இருக்கும். நம் வினைச்சொல்லோ ஒன்றையும் மறைக்காது. வந்தான் என்று சொன்ன மாத்திரத்தில் வந்தவன் ஆண், ஒருவன், வந்து முடிந்துவிட்டது. இவர்களோ ஆளையும் காலத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் பனியை மட்டும் சொல்கிறார்கள். அன்று இரவெல்லாம் அந்த எட்டு வரியை வைத்துக்கொண்டு தவித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டினேன். லாரி ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இன்னொண்ணு இருக்கு" என்றீர்கள்.

அதற்கப்புறம் எத்தனை பாட்டுகள்! வழியனுப்ப வந்தவர்கள் ஆற்றோரத்து மரத்தில் கிளை ஒடித்துக் கொடுப்பார்களாம். அந்த மரத்தின் பெயரும் 'இரு, போகாதே' என்ற சொல்லும் அவர்கள் மொழியில் ஒரே ஓசையாம். "நம்ம பஸ் ஸ்டாண்டுல எந்தக் கிளைய ஒடிக்கிறது மச்சான்?" என்று கேட்டேன். நண்பர்கள் பிரியும்போது மது, சேரும்போது மது, பிரிந்தவனை நினைத்தும் மது. "இவனுங்க குடிக்காம ஒரு வரி எழுத மாட்டானுங்க போல" என்று நீங்கள் சலித்துக்கொள்ள, மாமி, "ஆம்புளப் புள்ளைக்கி நல்ல சகவாசம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துயரம் என்ற சொல்லையே எடுக்காமல் ஓர் இலை விழுந்ததைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். நடுவில் வரும் வரிகள் மட்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் வர வேண்டும். மேல்வரியில் மலை என்றால் கீழ்வரியில் ஆறு, மேலே போனால் கீழே வர வேண்டும். கடைசி இரண்டு வரியில்தான் பாட்டு தன் மனசைக் கொஞ்சம் திறக்கும். திறந்தும் திறக்காமலும்.

ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது, "அது என்னா சத்தம், தொம் தொம்முன்னு?" என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டில் கல்லில் துணி அடிக்கிறார்கள் என்றேன். நீங்கள் குரல் இறங்கிச் சொன்னீர்கள்: எல்லைக் காவலுக்குப் போன புருஷனுக்குக் குளிர் உடுப்பு தைக்க, இலையுதிர் காலத்தில் பெண்கள் துணியைக் கல்லில் வைத்து அடிப்பார்களாம். அந்தச் சத்தம் ஊரெல்லாம் கேட்குமாம். எத்தனையோ பாட்டுகளில் அந்தச் சத்தம் இருக்கிறதாம். அந்த ஆண்களில் பலர் திரும்பி வந்ததே இல்லையாம். அதன்பின் பக்கத்து வீட்டில் துணி துவைக்கும்போதெல்லாம் நான் உள் அறைக்குப் போய்விடுவேன்.

அந்தப் பாட்டுகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்தது. அதையும் சொன்னேன்.

"காத்திருக்கிற பொம்பளையப் பத்தி எழுதினதெல்லாம் ஆம்பளைங்கதானேங்க? எப்பப் பார்த்தாலும் அவ சாளரத்துக்கிட்ட நிக்கிறா, கண்ணாடி பார்க்குறா, அழுவுறா. வீட்டுல எவ்வளவு வேல கெடக்கு? நெல்லு காயப்போடணும், புள்ளைக்கு ஜொரம்னா தூக்கிட்டு ஓடணும். அது ஒரு வரியிலயும் காணோமே."

"மெய்லானும் இதையேதான் சொல்லுது" என்றீர்கள்.

மெய்லானும் என்னைப்போலத்தான். பழைய இலக்கியம் படித்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த ஆசைப்பட்டவள். ஊரே வியாபாரத்துக்குத் திரும்பியபோது கிடங்கில் கணக்கெழுத வந்துவிட்டாள். முகம் தெரியாத அவள் நம் வெள்ளிக்கிழமைகளில் மூன்றாவது ஆளாக இருந்தாள்.

அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. நம் குடமுருட்டி ஆற்றில் ஈரமே இல்லை. குறுவை போனது, சம்பாவும் போனது. மாமா வயலைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டார். "ஆத்த பார்க்க முடியலங்க. வெள்ள வெளேர்னு மணலா கெடக்கு" என்று உங்களிடம் சொன்னேன். சில வாரம் கழித்து, "இன்னைக்கி ஒரு புதுப் பாட்டு" என்றீர்கள். சொன்ன வார்த்தைகளை வைத்து நான் இப்படி எழுதினேன்:

வற்றிய ஆற்றில் மணல் வெள்ளை;
கரைமேல் தனி நிழலாய் நின்றான்.
மேகங்கள் வடக்கே போகின்றன;
நாரைகள் தெற்கே திரும்புகின்றன.
வேலையில் ஓயவில்லை கைகள்;
கதவை விட்டு நகரவில்லை காதுகள்.

ஆறாவது வரியில் நிறுத்திவிட்டீர்கள். "மிச்சம் ரெண்டு வரி அடுத்த வாரம்."

"காவல்காரன் பாட்டா மச்சான்? எல்லையில நிக்கிறவனா?"

"நீயே யோசி."

"வெட்டவெளியில நிக்கிறவனுக்கு ஏதுங்க கதவு?"

சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புதான் நான் கேட்ட உங்கள் கடைசிச் சத்தம்.

அடுத்த வியாழக்கிழமை, உங்களோடு அறையில் இருந்த அதிராம்பட்டினத்துக்காரர் கூப்பிட்டார். கிடங்கில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம், அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம். மையித்தைக் கொண்டுவர நாளாகும், இங்கேயே அடக்கம் செய்துவிடலாமா என்று கேட்டார். மாமா ரிசீவரைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிங்க" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் முகத்தைப் பார்க்காமலே நான் இத்தாவில் உட்கார்ந்தேன்.

இனி சொல்வது உங்களுக்குத் தெரியாது.

புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருக்கும் அந்த நாலு மாதம் பத்து நாளில், வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்குத் தொலைபேசி மணி அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. தூரத்தில் லாரி ஹாரன். யாரோ மூச்சு விடுவது கேட்டது. "மச்சான்?" என்றேன். உடனே வைத்துவிட்டார்கள். மாமியின் முகம் வெளுத்துப்போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமையும் அடித்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும். "எடுக்காத ஜைனு, எடுக்காத" என்று மாமி கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எடுத்தேன். சலாம் சொன்னேன். நஸ்ரின் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததைச் சொன்னேன். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தா முடிந்தும் சில காலம் அந்த அழைப்பு வந்தது. வீட்டு லைனை எடுத்துவிட்டபின் நின்றுபோனது.

அப்புறம் எனக்கு வலங்கைமானில் தமிழ் ஆசிரியை வேலை கிடைத்தது. தினமும் பஸ் குடமுருட்டிக் கரையோரமாகப் போகும். ஒரு கோடையில், வெள்ளை மணலுக்கு மேலே கரையில் ஓர் ஆள் நிற்பதைப் பார்த்தேன். தனியாக, அசையாமல், நிழலாக. திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. மறுநாளும் நின்றார். சில நாள் இருக்க மாட்டார். இல்லாத நாளில் இன்னும் பயமாக இருக்கும். தண்ணீர் வந்துவிட்டால் காணாமல் போவார், மணல் தெரிந்தால் வந்துவிடுவார். பார்த்த மாத்திரத்தில் கண்ணை மூடிக்கொள்வேன், யாரிடமும் சொல்லவில்லை. அது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். ஆறு வரி மட்டும் சொன்ன பாட்டிலிருந்து வெளியே போக வழி தெரியாமல் நிற்கிறீர்கள். மிச்சம் இரண்டு வரி கிடைத்தால் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். அதனாலேயே அந்த இரண்டு வரியைத் தேடவும் எனக்கு மனம் வரவில்லை. போய்விட்டீர்கள் என்றால்?

நஸ்ரின் வளர்ந்து சீனமொழி படித்தபின் தானே தேடினாள். என் தமிழை அவர்கள் மொழியில் சொல்லி, கூடப் படித்தவர்களிடம் கேட்டாள். "இதே மாதிரி எத்தனையோ இருக்குதாம்மா. ஆனா இது எதுன்னு யாருக்கும் தெரியல" என்றாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒரு பகல். நான் நிழலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது செல்போனில் நஸ்ரின் முகம் வந்தது. பக்கத்தில் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண். கண்ணாடிக்குப் பின்னால் கண்ணெல்லாம் தண்ணீர்.

"அம்மா, இவங்கதான் மெய்லான் ஆன்ட்டி. அத்தாவோட பழைய மார்க்கெட்டுலயே இன்னும் கடை வச்சிருக்காங்க."

நான் சலாம் சொன்னேன், சுகமா என்று கேட்டேன். பிறகு அவள் பேசினாள், நஸ்ரின் தமிழில் சொன்னாள்.

"உங்க கொரல் அப்படியே இருக்குன்னு சொல்றாங்கம்மா."

"என் கொரலா? இவங்க எப்பக் கேட்டாங்க?"

நஸ்ரின் கேட்டாள். மெய்லான் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் பேசினாள்.

"அத்தா மௌத்தானப்புறம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இவங்கதான் போன் பண்ணாங்களாம். இவங்களுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. என்ன பேசுறதுன்னு தெரியாம கேட்டுக்கிட்டே இருப்பாங்களாம். அந்த நேரம் சும்மா போகக்கூடாதுன்னு தோணுச்சாம்."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். மூச்சை மட்டும் கேட்டு நான் பேசிய அத்தனை பேச்சையும், ஒரு வார்த்தை புரியாமல், இந்தப் பெண் நின்று கேட்டிருக்கிறாள்.

கொஞ்சம் ஆறியபின் நானே அந்தப் பாட்டைக் கேட்டேன். எந்தப் புலவர் எழுதியது, கடைசி இரண்டு வரி என்ன என்று. நஸ்ரின் ஆறு வரியையும், கரையில் நிற்கிறவன் ஒரு காவல்காரன் என்று சேர்த்து, அவளுக்குச் சொன்னாள். மெய்லான் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எந்தப் புலவரும் இல்லையாம்மா. அத்தாதான் எழுதினாங்களாம். இவங்க ஓசைய மட்டும் திருத்திக் குடுத்தாங்களாம். ஆறு வரிக்கே ஒரு மாசம் ஆச்சாம். கடைசி ரெண்டு வரிய எழுதவே இல்லையாம்."

மெய்லான் மறுபடி பேசினாள். இந்தத் தடவை நஸ்ரின் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கரையில நிக்கிறான்னு நீ ஆம்பளையா எழுதியிருக்கேல்ல, அது தப்புன்னு சொல்றாங்கம்மா. அவங்க பாஷையில ஆணு பொண்ணு இல்ல. ஆனா அத்தா எழுதினது ஒரு பொம்பளையப் பத்தியாம். எங்க ஊரு ஆறு வத்தாதே, இது எந்த ஆறுன்னு இவங்க அப்பவே அத்தாகிட்ட கேட்டாங்களாம்."

"உங்கத்தா என்னா சொன்னாங்க?"

நஸ்ரின் போனை மெய்லான் பக்கம் திருப்பி அதைக் கேட்டாள். மெய்லானே சொன்னாள். அந்தப் பெயரை இத்தனை காலம் வாய்க்குள் வைத்திருந்தவள்போல, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைத்தாள்.

"கூ... தா... மூ... லூ... தி."

மச்சான், அவள் வாயில் நம் ஆறு அப்படி வந்தது.

நின்றான் இல்லை. நின்றாள். வேலையில் ஓயாத கைகள் என் கைகள். நான் சண்டை பிடித்தேனே, வீட்டு வேலை ஒரு வரியிலும் இல்லை என்று, அதற்கு நீங்கள் சொன்ன பதில் அது. வெட்டவெளியில் நிற்பவனுக்கு ஏது கதவு என்று கேட்டேன். அது நம் வீட்டுக் கதவு. எங்கேயோ ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, நீங்கள் பார்க்காத மணலையும் அதன் கரையில் என்னையும் பார்த்திருக்கிறீர்கள். அதை எனக்கே சொல்லி, என்னையே தமிழாக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்தப் பெண்ணை ஆணாக்கி எல்லைக்கு அனுப்பிவிட்டேன்.

இத்தனை வருஷம் பஸ் ஜன்னல் வழியாக நான் யாரைப் பார்த்தேன்? யாருக்குப் பயந்தேன்?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ்ஸில் வராமல் கரையோரமாகவே நடந்து வந்தேன். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். சைக்கிளில் போன ஒருவர், "என்னா டீச்சர், பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு லாரி போனது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த இடம் வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

நஸ்ரின் ஊருக்கு வந்திருந்தபோது கேட்டாள்: "கடைசி ரெண்டு வரிய நீ எழுதிடேம்மா." எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன். அது எனக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிறபடியே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று சொன்னாள் மெய்லான். அவர்கள் ஊரில் நம் பங்குனி மாதவாக்கில், இறந்தவர்களின் கபரைப் போய்ச் சுத்தம் செய்கிற நாள் ஒன்று உண்டாம். தன் தாய் தகப்பனுக்குச் செய்துவிட்டு, உங்களை அடக்கம் செய்த மையவாடிக்கும் வந்து, உங்கள் தலைமாட்டில் முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டுப் போவாளாம், வருஷா வருஷம். நீங்கள் அநாதையாகக் கிடக்கிறீர்கள் என்று நான் அழுதுகொண்டிருந்த வருஷங்களிலெல்லாம்.

மாமியிடம் சொன்னேன். வயசாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. கேட்டுவிட்டுத் துப்பட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கி ஒரு நல்ல சேல எடுத்துட்டுப் போ" என்றார்கள். போ என்றுதான் சொன்னார்கள், மச்சான். நான் கேட்பதற்கு முன்பே.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விமானம் ஏறினால் காது அடைக்குமாமே, பயமாகத்தான் இருக்கிறது. புல் பிடுங்க மெய்லானோடு நானும் உட்காருவேன். அவளுக்கு என் பேச்சு புரியாது, எனக்கு அவள் பேச்சு புரியாது. நீங்கள்தான் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

பங்குனியில் வந்துவிடுவேன். இது சத்தியம். அதுவரை நீங்கள் காத்திருங்கள். இந்த ஒரு தடவை காத்திருப்பது உங்கள் முறை.

உங்கள் வீட்டுக்காரி,
நஸ்ரினின் அம்மா,
ஜைனப்